பேரேட்டைப் பறிப்பது நவீனம் ஆகாது

சங்கரன்கோவிலில் சகாய நிதி பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் இப்போது ஒரே தீர்ப்புதான் வருகிறது. "மாசச் சந்தா, ரசீதுப் புத்தகம், ஆள் இறந்தா வசூல் பண்ணிக் கொடுக்கிறது, இதெல்லாம் அந்தக் காலம். ஏதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட மொத்தமா ஒப்படைச்சிடுங்க. இல்லேன்னா படிச்ச மேனேஜர் ஒருத்தரைப் போட்டு, கம்ப்யூட்டர் வாங்கி, கம்பெனி மாதிரி நடத்துங்க." இப்படிச் சொல்பவர்கள் சங்கத்துக்கு வேண்டாதவர்கள் இல்லை. கூட்டுறவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சொல்கிறார்கள், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள், சந்தா தவறாத விசைத்தறிக்காரரின் பட்டம் படித்த மகனும் சொல்கிறான். அக்கறையோடு சொல்லப்படும் கருத்து என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சங்கம் மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. கையெழுத்துப் பேரேட்டை மட்டும் நம்பி, எல்லா வயதுக்காரரிடமும் ஒரே சந்தா வாங்கிக்கொண்டு, ஒருவரே பதினைந்து இருபது வருஷம் தலைவராக இருந்துகொண்டு நடத்துகிற நிதி நிலைக்காது. ஆனால் மாற்றத்துக்குத் தடையாக நிற்பது உறுப்பினர்தான் என்று முடிவு கட்டி, அவரை உரிமையாளர் இடத்திலிருந்து இறக்கி வாடிக்கையாளராக உட்கார வைப்பதற்கு 'நவீனமாக்கல்' என்று பெயர் வைக்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்த நிதிகளுக்கு இருக்கிற ஒரே பெரிய சொத்து அந்த உரிமைதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சின்ன, பலவீனமான கம்பெனி. அதற்குப் பெரிய கம்பெனியே மேல் என்பது உண்மையாகிவிடும்.

முதலில் 'அந்தக் காலம்' என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். ஒரே தொழில் அல்லது ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து பணம் போட்டு, இறந்தவர் குடும்பத்தைத் தாங்குவது இந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வந்த வழக்கம் அல்ல. உறவின்முறையும் மகமையும் வைத்துப் பள்ளிக்கூடமும் பேட்டையும் கட்டிய ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே திருநெல்வேலித் திருச்சபையில் விதவைகள் நிதி இருந்தது. உபதேசியாரும் வாத்தியாரும் மாதம் தோறும் கட்டிய காசு, அவர்கள் போன பிறகு மனைவிக்குப் போனது. 1930களில் சென்னையில் தென்னிந்தியக் கூட்டுறவு இன்சூரன்ஸ் சங்கம் ஆயுள் காப்பீட்டையே கூட்டுறவு முறையில் நடத்தியது. இவை எல்லாம் காலாவதியாகித் தாமாக மறைந்தன என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு.

1955இல் நாடாளுமன்றத்தில் பெரோஸ் காந்தி எழுந்து, பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் பணத்தைத் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா தன் வியாபாரத்துக்குத் திருப்பிய கதையை அம்பலப்படுத்தினார். அது பங்குதாரர் கம்பெனி. இயக்குநர் குழு இருந்தது, தணிக்கையாளர் இருந்தார், படித்த மேலாளர்கள் இருந்தார்கள். அடுத்த ஜனவரியில் ஆயுள் காப்பீடு முழுவதும் அரசு வசம் போக அவசரச் சட்டம் வந்தது. 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. அதற்குள் கரைந்தவை 245. அவற்றில் 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், மீதி 75 சேமநலச் சங்கங்கள். நாட்டுடைமையை நான் குறை சொல்லவில்லை. கிராமத்துக்குக் காப்பீடு போய்ச் சேர்ந்தது அதனால்தான். ஆனால் அந்த முடிவைத் தூண்டிய பெரிய ஊழல் கம்பெனி முறையில் நடந்தது என்பதையும், அதோடு சேர்த்துச் சங்கங்களும் மூடப்பட்டன என்பதையும் மறந்துவிட்டு, 'சங்கம் சரிப்படாது என்று வரலாறே சொல்லிவிட்டது' என்று பேசுவது நியாயம் இல்லை. சங்கங்களிலும் மோசடி நடந்தது. 1912லேயே சேமநலக் காப்பீட்டுச் சங்கங்களைக் கட்டுப்படுத்த வெள்ளைக்கார அரசு தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. திருடு இரண்டு பக்கமும் உண்டு. ஆகவே திருட்டை வைத்து உரிமை முறையைத் தீர்மானிக்க முடியாது.

அடுத்து, உண்மையிலேயே கனமான வாதம்: சின்னச் சங்கத்துக்குக் கணக்கு நிற்காது என்பது. இதை நான் மேலோட்டமாகக் கடந்து போக மாட்டேன். ஏனென்றால் சங்கங்களைக் கொன்றது இதுதான், இனியும் கொல்லப்போவது இதுதான்.

ஆயிரம் பேர் உள்ள நிதி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இறந்தால் ஆளுக்கு 50 ரூபாய், குடும்பத்துக்கு 50,000 ரூபாய். எல்லோரும் நாற்பது வயதை ஒட்டியவர்கள். இந்தியக் காப்பீட்டுக் கணிப்பாளர்கள் 2012-14 காலத்துக்கு வெளியிட்ட இறப்பு அட்டவணைப்படி, நாற்பது வயதில் ஆயிரம் பேருக்கு ஓராண்டில் இறப்பு 2க்கும் குறைவு. ஆகவே வருஷத்துக்குச் சுமார் 100 ரூபாய் கொடுத்தால் போதும். எல்லோருக்கும் சந்தோஷம். பத்து வருஷம் போகிறது. அதே ஆட்களுக்கு ஐம்பது வயது. ஆயிரத்துக்கு 4 பேருக்கு மேல். இன்னும் பத்து வருஷத்தில் அறுபது வயது. ஆயிரத்துக்கு 11. வருஷத்துக்கு 550 ரூபாய். பாலிசி எடுத்தவர்களின் கணக்கே இது. பஞ்சுத் தூசியில் மூச்சு வாங்கும் தறிக்கூடத்து ஆளுக்கு இதைவிடக் கூடத்தான் இருக்கும். இந்த நேரத்தில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் சேர வந்தால் அவனிடமும் அதே 550 ரூபாய் கேட்பார்கள். அவனுக்கு உண்டான கணக்கு 50 ரூபாய்கூட ஆகாது. அவன் ஏன் சேரப் போகிறான்? இளையவர் சேராததால் சராசரி வயது ஏறும், வயது ஏறியதால் வசூல் ஏறும், வசூல் ஏறியதால் இருக்கிற இளையவரும் விலகுவார். கடைசியில் மூத்தவர்கள் மட்டும் ஒருவர் சாவுக்கு ஒருவர் அழுதுகொண்டு இருப்பார்கள். நாற்பது வருஷம் கட்டிய மனிதர் கடைசியாகப் போகும்போது அவருக்குக் கொடுக்க ஆள் இருக்காது.

இது அமெரிக்காவில் அப்படியே நடந்தது. 1868இல் பென்சில்வேனியா மாநிலத்தின் மீட்வில் ஊரில் ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்ற ரயில்வே பட்டறைத் தொழிலாளி, உழைப்பாளிகளுக்காக ஒரு சகோதர சங்கத்தைத் தொடங்கினார். ஒருவர் இறந்தால் ஆளுக்கு ஒரு டாலர். அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான சங்கங்கள் முளைத்தன. முப்பது வருஷத்தில் உறுப்பினர்களுக்கு வயதானது, ஒரு டாலர் கணக்கு உடைந்தது, பல சங்கங்கள் சாய்ந்தன. இதுவரை சொன்னால் எதிர்த்தரப்பார் தலையாட்டுவார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மிஞ்சிய சங்கங்கள் ஒன்றுகூடி 1899இல் தங்களுக்கென்று ஓர் இறப்பு அட்டவணையை ஏற்றுக்கொண்டன. வயதுக்கு ஏற்ற சந்தா, கையில் ஒதுக்கு நிதி என்று விதி மாற்றின. சுலபமாக மாறவில்லை. ராயல் ஆர்க்கானம் என்ற சங்கம் 1905இல் சந்தாவை உயர்த்தியபோது மூத்த உறுப்பினர்கள் கொதித்தார்கள், வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1915இல் சங்கத்தின் பக்கம் தீர்ப்பானது. அப்படிக் கணக்கைத் திருத்திக்கொண்டு பிழைத்த குடும்பத்தில் இருந்து வந்தவைதான் இன்று லட்சக்கணக்கில் உறுப்பினர் வைத்திருக்கும் அமெரிக்கச் சகோதர சங்கங்கள். லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த இரண்டு சங்கங்கள் 2001இல் இணைந்து உருவான திரைவென்ட் அந்த நாட்டின் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்று. இன்றும் உறுப்பினர்களுக்கே சொந்தம்.

ஆகவே தோற்றது ஒரே சந்தா என்ற கணக்குத்தான். உறுப்பினர் உரிமை தோற்கவில்லை. வயது வாரியாகச் சந்தா வைப்பதற்குக் கம்பெனி ஆக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஒரு கணிப்பாளரிடம் ஒரு முறை கட்டணம் கொடுத்து அட்டவணை வாங்கலாம். அதை மகாசபையில் வைத்து, எழுபது வயதுப் பெரியவருக்கும் புரியும்படி நான் மேலே சொன்ன கணக்கைச் சொல்லி, ஓட்டுக்கு விடலாம். இங்கேதான் எதிர்த்தரப்பார் 'உறுப்பினருக்குப் புரியாது' என்கிறார்கள். சீட்டுக் கணக்கில் தள்ளு எவ்வளவு, எத்தனையாவது மாதம் எடுத்தால் லாபம் என்று மனத்திலேயே போடும் பெண்களுக்கு இது புரியாதா? நூல் விலை ஏறினால் ஒரு சேலைக்குக் கூலி எவ்வளவு குறையும் என்று விரல் மடக்கிச் சொல்பவருக்கு, வயது ஏறினால் ஆபத்து ஏறும் என்பது புரியாதா? யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. அதுதான் குறை.

ஆயிரம் பேருக்கு ஒரு கெட்ட வருஷம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. சராசரியாக நாலு சாவு என்று கணக்குப் போட்ட வருஷத்தில் ஒன்பது வரலாம். 2021இல் கொரோனா இரண்டாம் அலை எத்தனையோ நிதிகளின் கணக்கைப் புரட்டிப் போட்டது. இந்த இடத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை உண்டு என்று நான் ஒப்புக்கொள்கிறேன். சங்கம் வழக்கமான சாவுகளைத் தானே தாங்க வேண்டும். அதற்கு மேல் போகும் சுமைக்குக் குழுக் காப்பீட்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். இது புதுமை இல்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுப் பெண்கள், 'பீப்பிள் மியூச்சுவல்ஸ்' என்ற அமைப்பின் வழியாகச் சிலவற்றைத் தங்களுக்குள்ளேயே பரஸ்பரமாகத் தாங்கிக்கொள்கிறார்கள், சிலவற்றுக்குக் கம்பெனிகளோடு சேர்ந்து நடத்துகிறார்கள். அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் 1992இல் தொடங்கிய விமோசேவா என்ற காப்பீட்டு ஏற்பாடு பிறகு தேசியக் கூட்டுறவுச் சங்கமாகவே பதிவானது. கம்பெனியோடு பேரம் பேசுகிற இடத்தில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கம்பெனியிடம் தங்களை ஒப்படைத்துவிடவில்லை.

"436 ரூபாய்க்கு அரசே 2 லட்சம் தருகிறதே, சங்கம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம் நல்ல திட்டம். சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் அதில் சேர வேண்டும் என்றே நான் சொல்வேன். ஆனால் அது 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்தவருக்கு, 55 வயது வரைதான். நம் ஊர் விசைத்தறியில் 55 வயதில் ஓய்வு பெற்றவரை எனக்குக் காட்டுங்கள். அந்த வயதுக்காரர் இன்னும் இரவு ஷிப்டில் நிற்கிறார், அவர் கூலியில் இன்னும் வீடு நடக்கிறது, காப்பீடு மட்டும் நின்றுவிடுகிறது. பணம் மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். நோட்டு, சீருடை, பீஸ் என்று கணக்கில் இருந்ததை எல்லாம் துடைத்து எடுத்திருப்பார்கள். 436 ரூபாய் இல்லாமல் பிடித்தம் திரும்பினால் காப்பீடு போயிற்று. திரும்பச் சேர்ந்தால் முதல் 30 நாளில் நோயால் வரும் சாவுக்குப் பணம் கிடையாது. செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கும். அதைப் படித்தவர் யார்? சங்கத்து வசூல்காரர் என்றால் வாசலில் நின்று, "அண்ணாச்சி, இந்த மாசம் பாக்கி இருக்கு, அடுத்த வாரம் கூலி போட்டதும் வாரேன்" என்பார். சந்தா விட்டுப் போகாமல் காப்பது அந்த ஒரு வாக்கியம்தான். எந்தக் கம்பெனியும் அதற்கு ஆள் போடாது, போட்டால் கட்டுபடியாகாது. சங்கத்துக்கு மட்டும் கட்டுபடியாகும், ஏனென்றால் அவரும் அதே தெருக்காரர், அவர் சாவுக்கும் அதே நிதிதான்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 2015இல் 330 ரூபாயில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கட்டணத்தை 2022இல் 436 ரூபாயாக உயர்த்தினார்கள். கணக்கு இடித்தது, உயர்த்தினார்கள். தவறில்லை. ஆனால் அரசுத் திட்டம் சந்தாவை உயர்த்தினால் அதற்குச் 'சீரமைப்பு' என்றும், சங்கம் உயர்த்தினால் 'சங்கம் தடுமாறுகிறது' என்றும் பெயர் வைப்பது என்ன நியாயம்?

இப்போது கணினிக்கு வருவோம். சங்கம் நவீனமாவது என்றாலே முதல் தீர்மானம் மென்பொருள் வாங்குவதாக இருக்கிறது. நான் கணினிக்கு விரோதி இல்லை. 2021இல் கூட்டுறவுச் சங்கங்களின் நகைக்கடன் தள்ளுபடியின்போது, ஒரே ஆள் பல சங்கங்களில் பல கடன் வாங்கியிருந்த விஷயம் தகவல்களைச் சேர்த்து ஒப்பிட்டதால்தான் வெளியே வந்தது. கைப்பேரேட்டில் அது நூறு வருஷமானாலும் தெரிந்திருக்காது. ஆனால் கணினி எதை அறியும், எதை அறியாது என்று தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இது கோமதியம்மன் ஊர். வீட்டுக்கு ஒரு கோமதி, தெருவுக்கு நாலு சங்கர். நான் பார்த்த ஒரு பேரேட்டில் ஒரே பக்கத்தில் ஐந்து கோமதி. இரண்டு பேருக்குக் கணவர் பெயரும் சங்கர். கையால் எழுதிய கணக்கர் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்: 'பாவடிப் பக்கம்', 'இட்லிக்கடை', 'மூத்தவள்', 'புளியங்குடிக்காரி'. மென்பொருள் போட்டுக் கொடுக்க வந்தவர்களுக்குப் பென்சில் குறிப்பு தேவைப்படவில்லை. பெயர், க/பெ., வயது, தெரு. வயது பாதிப் பேருக்குக் குத்துமதிப்பு. ஒன்றுபோல் இருந்த இரண்டு கோமதிகளை 'இரட்டைப் பதிவு' என்று சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். இரண்டு பேரும் தொடர்ந்து சந்தா கட்டினார்கள். இரண்டு ரசீதும் ஒரே எண்ணில் ஏறின. ஒரு வருஷத்தில் ஒருத்தியின் கணக்கில் இரட்டிப்பு வரவு, இன்னொருத்தி பட்டியலிலேயே இல்லை. அது தெரிய வந்தது, இல்லாதவளாக்கப்பட்டவள் இறந்த பிறகு. பழைய பேரேடு பரணில் கிடந்ததால், அந்தப் பென்சில் குறிப்பு அழியாமல் இருந்ததால், அந்த வீட்டுக்குப் பணம் போனது. பரணைச் சுத்தம் செய்திருந்தால் போயிருக்காது.

இதற்குக் கணினியை எறிந்துவிடுவது பதில் ஆகாது. ஒவ்வொரு உறுப்பினரையும் நேரில் உட்கார வைத்து, அவர் கணக்கை அவருக்கே படித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் கணினியில் ஏற்ற வேண்டும். சந்தா பாக்கி, பிறந்த தேதி, நியமனதாரர், மூன்றும். நியமனதாரர் விஷயத்தில்தான் பாதி வழக்கு வருகிறது. கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவன் அம்மா பெயரைக் கொடுத்திருப்பான். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்திருக்கும், அம்மா காலமாகியிருப்பார், பேரேட்டில் இன்னும் அம்மாதான். அவன் இறந்தால் மனைவி வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, ஆடித்தபசு முடிந்து ஊர் ஓய்ந்த பிறகு ஒரு வாரம் ஒதுக்கி, எல்லோரையும் அழைத்து நியமனதாரர் பெயரைச் சரிபார்த்துவிட்டால் இது தீரும். இதற்கு மென்பொருள் விலையில் பத்தில் ஒரு பங்கு செலவாகாது. இதை எந்த ஆலோசகரும் திட்ட அறிக்கையில் எழுதுவதில்லை. ஏனென்றால் இதை விற்க முடியாது.

பெரிய கணினி மட்டும் போதுமென்றால், நாட்டிலேயே பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் 2023-24 ஆண்டில் முதிர்ந்த பாலிசிப் பணம் சுமார் 880 கோடி ரூபாய் கேட்பாரில்லாமல் கிடந்தது ஏன்? நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு அது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாலிசிதாரர்கள். அந்த நிறுவனத்திடம் கணினி இல்லாமலா? அவர்கள் வீட்டு வாசல் தெரிந்த ஆள் இல்லை.

கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022இல் 2,516 கோடி ரூபாயில் திட்டம் போட்டது, 63,000 சங்கங்களுக்கு. நோக்கம் சரிதான். கீழே இருக்கும் கணக்கு மாவட்ட வங்கிக்கும் நபார்டுக்கும் உடனே தெரியும். மேலே இருப்பவருக்குத் தெரியட்டும். கட்டியவருக்குத் தெரிய வேண்டாமா? நம் நிதிகளில் கணினி வருமானால், அதில் ஏறுகிற ஒவ்வொரு வரவும் அன்றைக்கே உறுப்பினர் கையில் தமிழில் ஒரு சீட்டாக வர வேண்டும். மாதக் கடைசியில் மொத்த வரவு, செலவு, வங்கி இருப்பு மூன்றும் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். பேரேட்டைப் பார்க்கிற உரிமை மேனேஜரின் கடவுச்சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், அந்த நிமிஷமே சங்கம் கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

படித்த மேனேஜர் போட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடையாது. 2018இல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கவிழ்ந்தபோது அங்கே படித்தவர்களுக்குப் பஞ்சமா? 2008இல் ஏ.ஐ.ஜி. என்ற உலகப் பெரும் காப்பீட்டுக் கம்பெனியை மீட்க அமெரிக்க மைய வங்கி முதல் தவணையாகவே 8,500 கோடி டாலர் கடன் தர வேண்டியிருந்தது. நான் எதிர்ப்பக்கத்து உதாரணத்தையும் மறைக்கவில்லை. உறுப்பினருக்குச் சொந்தமான இங்கிலாந்தின் ஈக்விட்டபிள் லைஃப், 1762இல் தொடங்கியது, கொடுக்க முடியாத வாக்குறுதிகளைக் கொடுத்து 2000இல் புது உறுப்பினர் சேர்ப்பதை நிறுத்தியது. சென்னையிலும் 1990களின் கடைசியில் சில நிதிகள் கவிழ்ந்து, ஓய்வூதியப் பணத்தைப் போட்டிருந்த முதியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சட்டப்படி அவர்களும் உறுப்பினர்களே. ஆனால் எத்தனை பேர் மகாசபைக்குப் போனார்கள்? வட்டி வந்துகொண்டிருந்தது, கேள்வி கேட்கவில்லை. உறுப்பினர் வாடிக்கையாளராக நடந்துகொள்ளத் தொடங்கிய சங்கம் எப்படிச் சாகும் என்பதற்கு அவை சாட்சி. நம் ஆட்களையும் அதே இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறீர்கள்.

கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். 'பார்த்தீர்களா, நெசவாளர் சங்கம் எப்படி நொடித்துப் போச்சு' என்கிறார்கள். தமிழகத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்களின் பொறுப்பில் கிடந்த காலம் எத்தனை நீளம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உறுப்பினர் நடத்தாத சங்கத்தின் தோல்வியை உறுப்பினர் தலையில் கட்டுகிறார்கள். அதே கைத்தறிச் சங்கங்களில் நெசவாளி தன் கூலியில் ரூபாய்க்கு 8 காசு போட, அரசு 4 காசு சேர்க்கும் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. கூலி பட்டுவாடா ஆகும் இடத்திலேயே, கூலிக்கு ஏற்ற அளவில், பிடித்தமும் நடந்துவிடுகிறது. நிலையான சம்பளம் இல்லாதவனுக்கு இதைவிடப் பொருத்தமான சந்தா முறையை எந்தக் கம்பெனி கண்டுபிடித்தது?

மேனேஜர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும், நல்ல சம்பளத்துக்கு. ஆனால் அவர் வேலையை அளக்கும் கோல் எது என்பதை உறுப்பினர்தான் முடிவு செய்ய வேண்டும். கம்பெனிக்கு அது லாபம். சங்கத்துக்கு அது நாள். சாவு விழுந்த வீட்டுக்குச் செய்தி தெரிந்த எத்தனை மணி நேரத்தில் ஈமச்செலவுக்கு முன்பணம் போனது, பதினாறாம் நாளுக்குள் முழுப் பணம் போனதா, போகாவிட்டால் எந்தக் காகிதத்துக்காக நின்றது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி அலுவலகத்தை அமைப்பதுதான் நிர்வாகம். பழைய முறையில் இதைத் தலைவரின் தனிப்பட்ட செல்வாக்கு செய்தது. வேண்டியவருக்கு மறுநாளே பணம், வேண்டாதவருக்கு இழுத்தடிப்பு. இதை நான் மூடி மறைக்க மாட்டேன். விதி எழுதி, நாள் குறித்து, பொறுப்பு ஒப்படைப்பது அந்த அநியாயத்தை ஒழிக்கும். அதைச் செய்வதற்கு உறுப்பினரின் ஓட்டைப் பறிக்க வேண்டிய தேவை எங்கே வருகிறது?

கடைசியாக, சட்டத்தின் பக்கம். நம் நாட்டில் கூட்டுறவுச் சங்கமாக இருந்தாலும் முறையான காப்பீட்டு உரிமம் வேண்டுமென்றால் 100 கோடி ரூபாய் மூலதனம் காட்ட வேண்டும் என்ற விதியின் கீழேயே இத்தனை காலமும் வாழ்ந்தோம். சங்கரன்கோவில் தறிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தாலும் அந்தத் தொகை சேராது. 2020இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த, சேவாவின் மிராய் சாட்டர்ஜி தலைமையிலான குழு, சிறு காப்பீட்டு நிறுவனங்களுக்கு அதை 20 கோடியாகக் குறைக்கவும், பரஸ்பர, கூட்டுறவு அமைப்புகளுக்கு வழிவிடவும் பரிந்துரைத்தது. மறுபக்கம், காப்பீட்டில் அந்நிய முதலீட்டுக்கு 26, 49, 74 சதவீதம் என்று கதவு படிப்படியாகத் திறந்தது. 2025 பட்ஜெட்டில் 100 சதவீதம் என்றே அறிவித்தார்கள். தன் பணத்தைத் தானே காத்துக்கொள்ள நினைக்கும் உள்ளூர்க்காரனுக்கு அதே வேகத்தில் ஒரு சின்ன வாசலாவது திறந்ததா? சங்கங்கள் வளரவில்லை என்று குறை சொல்பவர்கள், வளர்வதற்கு இருந்த வழியை யார் அடைத்தார்கள் என்றும் பேச வேண்டும். ஊர் ஊராக இருக்கும் நிதிகள் மாவட்ட அளவில் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, கெட்ட வருஷத்தின் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையைத் தறிக்காரரும் பூக்காரரும் சுமைப்பணிக்காரரும் சேர்ந்து எழுப்பினால்தான் காது கேட்கும்.

மார்ச் கணக்கு முடிந்ததும் நம் நிதிகளில் மகாசபை கூடும். வழக்கம்போல் மேடையில் மாலையும் பொன்னாடையுமாக அரை நாள் போகும் என்றால் எனக்கு அதில் வேலை இல்லை. முதல் பொருளாக, அந்த வருஷம் இறந்த உறுப்பினர்களின் பெயரையும், ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனையாம் நாள் பணம் போனது என்பதையும் படிக்க வேண்டும். இரண்டாவது, வயது வாரிச் சந்தா அட்டவணை, ரகசிய ஓட்டெடுப்புடன். இன்று அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பழைய சந்தாவே தொடரும், அந்தப் பள்ளத்தை ஒதுக்கு நிதியில் இருந்து பத்து வருஷத்தில் நிரப்புவோம் என்ற திருத்தத்தோடு. மூன்றாவது, தலைவரும் செயலாளரும் இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்ற விதி. கணினி வாங்கும் தீர்மானம் நான்காவதாக வரட்டும். மேலே உள்ள மூன்றும் நிறைவேறியிருந்தால் அதை நானே எழுந்து வழிமொழிகிறேன்.